பகடையில் வந்த கும்பாதிரி

என்னுடைய மந்திரக்காரி நாலு வருஷத்தில் ஒருவரிடம்கூடக் கத்தியது கிடையாது. நானோ ஒரே காலையில் மூன்று பேரிடம் கத்துகிறவள். லாரி டிரைவர் ஒருவர், தாளைத் தப்பாக அடித்துக் கொண்டுவருகிறவர் ஒருவர், மூன்றாவது ஆள் அகப்படாத நாட்களில் பிரிண்டர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துத் தரும் ஆபீஸில் இருப்பவர்களுக்குக் கோபம் சம்பளத்தோடு சேர்ந்தே வருகிறது என்று நான் சொல்வேன். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். நான் பிறக்கும்போதே மூக்கு சிவந்துதான் பிறந்தேனாம்.

அந்த மந்திரக்காரியின் பெயர் உப்புக்காரி. அவள் கைவைத்தால் தண்ணீர் வற்றிப்போகும், உப்பு மட்டும் மிஞ்சும். எதிரி வாளை உருவினாலும் அவள் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்வாள். அவளைத் தாளில் உண்டாக்கியது நான்தான்.

ஆபீஸில் என் பக்கத்து நாற்காலித் தோழிதான் இதற்கெல்லாம் காரணம். பெங்களூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது ஒரு பை நிறையப் பகடைகள் கொண்டுவந்தாள். "ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வாளா, ஒரு வெளையாட்டு சொல்லித் தாரேன்" என்றாள். முத்தையாபுரத்தில் அவர்கள் வீடு. கீழே அவளுடைய அப்பாவின் பலசரக்குக் கடை, மாடியில் ஒரு ஹால். கேரம்போர்டு மாதிரி ஏதாவது இருக்கும் என்று போனேன். அங்கே இருந்தது நாலு பென்சிலும் வெள்ளைத் தாளும்தான். அவள் ஒரு கதை சொல்லுவாள். கதைக்குள் நடமாடுகிற மந்திரக்காரர்கள் நாங்கள். நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் வாயால் சொல்ல வேண்டும், அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வாயால் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது. அது அவள் போட்ட சட்டம், கடைசிவரை அதில் மட்டும் அவள் இளகவே இல்லை.

தாளில் முதலில் மந்திரத்தை எழுதச் சொல்லவில்லை. குணம் என்ன, பயம் என்ன, யாரிடம் பாசம் என்று கேட்டாள். நான் குணம் என்ற இடத்தில் 'பொறுமை' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் கீழே கடையிலிருந்து அவளுடைய அப்பா "என்னம்மா, என்ன?" என்று குரல் கொடுத்தார்.

எங்களோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தி அவர்கள் பக்கத்து வீடு, நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஊசியை ஒரு கோடு தள்ளிப் போட்டால் மாணவிகளை நிற்க வைத்துவிடுவாளாம். அவள் உண்டாக்கிய மந்திரக்காரி தீக்குச்சி, சரியான கைவரிசைக்காரி. தங்கிய சத்திரத்திலெல்லாம் கரண்டி காணாமல் போகும்.

இன்னொருவன் தருவைகுளத்துக்காரன், தோழியோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறான். அவனும் என்னைப் போலக் கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம், என் வயதுதான். நேரில் நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். அவனுடைய மந்திரக்காரன் காத்தாடி, காற்றை ஆளுகிறவன், வாய் ஓயாது. பாலத்துக் காவல்காரனிடம் பெண்டாட்டி பிள்ளைகள் சுகம் விசாரித்துவிட்டுத்தான் சண்டையே தொடங்குவான். ஆனால் உயரம் என்றால் அவனுக்கு நடுக்கம். ஏணியில் ஏற வேண்டுமென்றால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மறுமுனையை உப்புக்காரி பிடித்தால்தான் ஏறுவான். நாலு வருஷமும் அந்தக் கயிறு உப்புக்காரி கையில்தான் இருந்தது.

விளையாட்டு முடிந்ததும் நானும் அவனும் ஒரே பஸ்ஸில் ஊருக்குள் வருவோம். அவன் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தருவைகுளம் பஸ் பிடிக்க வேண்டும். கூட்டத்தில் முண்டி ஏறுவதில் நான் கெட்டிக்காரி, அதனால் பின்னாலிருந்து அவன் குரல் உரிமையோடு வரும். "ஏளா, எடம் போட்டு வையி." பையைப் போட்டு வைப்பேன். இடத்துக்குச் சண்டைக்கு வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்வேன்.

ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன், கிரேன் ஓட்டுகிறவனுக்கு உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் எப்படித் தோன்றியது என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மேல கேபின்ல ஒத்தையில எட்டு மணி நேரம் இருக்கேன். கீழ ஆளுக நிக்காவ. பயந்தா கை நடுங்கும், நடுங்குனா பெட்டி ஆடும். அதான் அந்தப் பயத்த அவன்கிட்ட குடுத்துட்டேன். பேச்சையும் சேத்து." அவ்வளவுதான் சொன்னான். நான் என்னிடம் இல்லாததை உப்புக்காரிக்குக் கொடுத்திருந்தேன், அவன் தன்னிடம் இருந்ததையே கொடுத்திருந்தான். எனக்கு இவன்தான் வேண்டும் என்று அந்த பஸ்ஸில், உப்பளங்களைத் தாண்டும்போது, எனக்குத் தெரிந்துபோயிற்று. சொல்லத்தான் வாய் வரவில்லை. உலகத்திலுள்ள லாரி டிரைவர்களிடமெல்லாம் திறக்கிற வாய், அன்றைக்கு மூடிக்கொண்டது. அவனும் ஏதோ சொல்ல வருவது போலச் சில ஞாயிறுகளில் இருக்கும். பஸ் ஸ்டாண்டு வந்துவிடும்.

இப்படியிருக்கும்போதுதான் தோழி ஆதிச்சநல்லூருக்குப் போய்வந்தாள். மண்ணுக்குள் வரிசையாகப் புதைத்த தாழிகளைப் பார்த்துவிட்டு வந்தவள், அடுத்த ஞாயிறே அவற்றைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஒரு மேடு, மேடு முழுக்கத் தாழிகள். ஒரு தாழிக்குள்ளிருந்து அழுகைச் சத்தம். காத்தாடி மூடியைத் தூக்கிப் பார்க்கிறான். உள்ளே உயிரோடு ஒரு பெண்குழந்தை.

"கண்டெடுத்தவன்தான் தகப்பன்" என்றாள் தோழி. "பொழுது அடையுமுன்ன புள்ளைக்கு தண்ணி தெளிச்சுப் பேரு வைக்கணும். இல்லன்னா மேடு திருப்பிக் கேக்கும். தகப்பனுக்குத் தொணையா புள்ளையக் கையில ஏந்தி நிக்க ஒரு ஆளு வேணும். யாரு?"

தீக்குச்சி கை தூக்கினாள். அதாவது நர்ஸ். "நான் ஏந்துதேன். கைப்புள்ளையப் புடிக்கது எனக்குத்தான தெரியும்?" சொல்லிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் எல்லோரையும் பார்த்து அப்படித்தான் சிரிப்பாள், அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அவன் பிள்ளையை இவள் ஏந்துவதா?

"உப்புக்காரி ஏந்துவா" என்றேன். பத்து எண்ணவில்லை, ஒன்றுகூட எண்ணவில்லை. பகடையை எடுத்து உருட்டியும்விட்டேன். இருபது விழுந்தது.

"இருபது!" தோழி மேஜையைத் தட்டினாள். "இனி அந்த மேடே வந்தாலும் இந்த பந்தத்த அறுக்க முடியாது."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் மெதுவாக, காத்தாடியின் குரலில் இல்லாமல் தன் குரலிலேயே, "சரி, கும்பாதிரி" என்றான்.

தோழிக்கும் நர்ஸுக்கும் அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் கடற்கரையில் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்துகிறவரும் பிள்ளையின் தாய்தகப்பனும் ஒருவருக்கொருவர் கும்பாதிரி. ஆணுக்கும் பெண்ணுக்கும் எங்கள் வீட்டில் ஒரே சொல்தான். அதற்கு மேலே ஒரு உறவு கிடையாது. கேலி பேசக் கூடாது, கைநீட்டக் கூடாது, ஒருமையில் அழைக்கக் கூடாது. கும்பாதிரியைக் கட்டிக்கொள்வது என்பதை யாரும் நினைத்தே பார்க்க மாட்டார்கள். அப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் பள்ளிக்கூடத்திலிருந்து ஏலே, வாலே என்று திரிந்தவர்கள். மாமா என் தம்பியை ஏந்திய நாளிலிருந்து இன்றுவரை 'வாங்க, இருங்க'தான். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும், அவனை யாரும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதென்று பாய்ந்து, நானே போய் அவனுக்கு ஆகாத இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் பின்னாலிருந்து குரல் வரவில்லை. நான் பையைப் போட்டுத்தான் வைத்திருந்தேன். அவன் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உக்காருங்க" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். வாட்ஸ்அப்பில் 'என்னளா பண்ணுத' என்று வந்துகொண்டிருந்தது போய், 'வணக்கம், ஞாயிறு வருகிறீர்களா?' என்று வந்தது. போனை ஆபீஸ் மேஜையில் நான் வைத்த வேகத்தில் அதன் கண்ணாடி கீறிவிட்டது. கதைக்குள்ளும் காத்தாடி மாறிவிட்டான். உப்புக்காரி வந்தால் எழுந்து நிற்கிறான், அவளிடம் கதை அளப்பதில்லை. கயிற்றைக் கட்டிவிடச் சொல்லிக் கேட்பதற்குப் பதில் ஏணியே வேண்டாம் என்கிறான். மரியாதை கொடுத்துக் கொடுத்து அவன் என்னை ஆளையே காலி பண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு விருப்பமில்லை, ஒதுங்க ஒரு சாக்குக் கிடைத்தது, பிடித்துக்கொண்டான் என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

கடைசியில் தோழியிடம் உடைத்துச் சொன்னேன், கேன்டீனில், தயிர்சாதத்துக்கு முன்னால். அவள் கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். "ஏளா, நான் என்னமோ பேரு வைக்க சடங்குன்னுல்லா வச்சேன்? ஒங்க கடக்கரச் சட்டம் எனக்கு எங்க தெரியும்?"

"இப்ப மாத்து."

"மாத்த மாட்டேன். சொன்னது சொன்னதுதான். அதுவும் இருபது விழுந்திருக்கு."

"அப்பம் உப்புக்காரி செத்துப்போறா" என்றேன். "அவ போயிட்டா உறவும் போச்சு. வேற ஆளு எழுதிக்கிடுதேன்."

தோழி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "நாலு வருஷமா பெத்த புள்ள மாதிரி வச்சிருந்தியேளா."

எனக்குத் தெரியாதா? உப்புக்காரி இருந்ததால்தான் நான் சில நாள் பிரிண்டரைக்கூட மன்னித்திருக்கிறேன். கத்த வாயெடுத்து, அவள் என்ன செய்வாள் என்று யோசித்து, மூடியிருக்கிறேன். அவளைக் கொல்வதற்கு எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவனை வாழ்நாள் முழுக்கக் கும்பாதிரி என்று கூப்பிடுவதற்கு அதைவிட வரவில்லை.

அந்த ஞாயிறு தோழி கதையில் கடலைக் கொண்டுவந்தாள். பனை உயரத்துக்கு அலை எழும்பி, குழந்தை இருக்கிற ஊரைப் பார்த்து வருகிறது. யாராவது ஒருவர் மதகுக்கு வெளியே நின்று தண்ணீரை வற்றவைத்தால் மற்றவர்கள் தப்பலாம்.

"உப்புக்காரி நிக்கா" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாள் தோழி.

"நிக்கா."

"பதினெட்டுக்கு மேல விழுந்தாத்தான் அவ பொழைப்பா."

பகடையை உருட்டினேன். மூன்று. நான் கேட்டதுதான் கிடைத்தது. ஆனாலும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பொறுமையாக, யாரையும் திட்டாமல், அந்த அலைக்கு முன்னால் அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. தாளைக் கிழிக்க எடுத்தேன்.

"பொறுங்க" என்றான் அவன். "காத்தாடி கோபுரத்துல ஏறுதான்."

"கயிறு?" என்றாள் தோழி. "கயிறு புடிக்கவ வெளிய நிக்காளே."

"கயிறு இல்லாமத்தான். உச்சிக்கு ஏறி அவங்கிட்ட உள்ள காத்த அம்புட்டையும் ஒரே மூச்சுல விட்டுருதான்."

தோழி அவனுக்கு நினைவுபடுத்தினாள். ஒரு மந்திரக்காரன் தன் மந்திரம் முழுவதையும் ஒரே தடவையில் செலவழிக்கலாம், ஆனால் பிறகு அவன் சாதாரண மனுஷன், திரும்ப வராது. அவன் தலையாட்டிவிட்டு உருட்டினான். பதினேழு. அலை திரும்பிவிட்டது. உப்புக்காரி பிழைத்துவிட்டாள். காத்தாடி கோபுர உச்சியில், ஒரு கயிறும் இல்லாமல், ஒரு மந்திரமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

என் திட்டம் போயிற்று.

"யாரு காப்பாத்தச் சொன்னா ஒன்ன?" நான் போட்ட கூச்சலில் கீழே கடையில் தராசுச் சத்தம் நின்றுவிட்டது.

அவன் திகைத்துப்போனான். "கும்பாதிரிய அலையில விட்டுட்டு எப்படி..."

"எனக்குக் கும்பாதிரி வேண்டாம்! நான் அவளக் கொல்லத்தான் வந்தேன். அவ செத்தாத்தான் நான் ஒனக்குக் கும்பாதிரி இல்லாமப் போவேன். இதுகூடத் தெரியாம மேல ஏறிட்டான், பெரிய கோபுரம்!"

நர்ஸ் மெல்ல எழுந்தாள். "வாளா, டீ போடுவோம்" என்று தோழியின் கையைப் பிடித்து இழுத்தாள். "கதைய நடத்துதவ நான், நான் எப்படி வருவேன்?" என்று தோழி முனகிக்கொண்டே போனாள்.

அவன் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான். "நான் பங்குச் சாமியார்கிட்ட போய்க் கேட்டேன்."

"எதை?"

"வெளையாட்டுல கும்பாதிரி ஆனா கெட்டிக்கிடலாமான்னு." காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது அவனுக்கு. "அந்த ஞாயிறு முடிஞ்ச மூணாம் நாளு, ஷிப்ட் முடிஞ்சு நேரா கோயிலுக்குப் போனேன். 'தண்ணி ஊத்துனீங்களா?'ன்னு கேட்டாரு. 'இல்ல சாமி, பகடதான் உருட்டுனோம்'னேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு. அப்புறம் சொன்னாரு, நெசமாவே புள்ளையப் புடிச்சிருந்தாலும் இப்ப சபைச் சட்டத்துல தடை இல்ல, அத எடுத்து ரொம்ப காலம் ஆச்சு, கடக்கரைதான் இன்னும் விடலன்னு."

"தெரிஞ்சுமா இத்தன நாளு 'நீங்க, நாங்க'ன்னு என் உசுர எடுத்த?"

"சட்டத்துல தடை இல்ல. ஆனா நீங்க கடக்கரைல பொறந்தவங்க. தெரியாமலா ஏந்துவீங்க? ஒருத்தன்கிட்ட வேண்டாம்னு சொல்லுததுக்கு இதவிட மரியாதையான வழி இல்லன்னு நெனச்சேன். அந்த ஞாயிறு ஒங்ககிட்ட கேக்கணும்னு அக்காகிட்டகூடச் சொல்லிட்டு வந்தேன். சாமியாரப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி, அவங்களுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன்."

"நான் நர்ஸு ஏந்திரக் கூடாதுன்னுல்லா ஏந்துனேன்!"

அவன் யோசித்தான். எதையும் யோசித்துத்தான் பேசுவான். "அவ ஏந்தியிருந்தா அவதான எனக்குக் கும்பாதிரி ஆயிருப்பா? ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காதே."

இந்த ஒரு கணக்கு இரண்டு மாதமாக என் மண்டையில் ஏறவே இல்லை. நான் முதலில் முறைத்தேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது. கதவுக்குப் பின்னால் டீ போடப் போன இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் நன்றாகவே கேட்டது. "இன்னொரு தரம் 'நீங்க'ன்னு சொன்னா இந்தப் பகடைய மூஞ்சியில எறிஞ்சிருவேன்" என்றேன். அவனுக்குப் பழக்கம் சட்டென்று விடாது போலிருக்கிறது, வாயைத் திறக்கவே பயந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். அவனுடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்த இருவருக்கும் உள்ள தடை யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லலாம் என்று சாமியார் வாசித்துக்கொண்டு வரும்போது, வேடிக்கை பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழி குபுக்கென்று சிரித்துவிட, பக்கத்திலிருந்த பெண்கள் அவளை முறைத்தார்கள். உப்புக்காரியை நான் கிழிக்கவில்லை. அவள் இன்னும் காத்தாடிக்குக் கும்பாதிரிதான், சொன்னது சொன்னதுதானே. மந்திரம் போன பிறகு காத்தாடி தாழிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்து வருகிறான். வாய் மட்டும் ஓயவில்லை. இப்போது ஏணி என்றால் கயிறு கேட்பதில்லை, ஆனாலும் உப்புக்காரி கையில் அதை வைத்திருக்கிறாள்.

ஆனால் எனக்கு இவையெல்லாவற்றையும்விட அந்த ஞாயிறு சாயந்திரம்தான் பெரிது. டீ குடித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கி, கடையைத் தாண்டி, முத்தையாபுரம் ஸ்டாப்புக்கு நடந்தோம். வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. என் ஆயுசில் நான் அவ்வளவு தூரம் பேசாமல் நடந்தது அன்றைக்குத்தான். பஸ் வந்தது. பிதுங்குகிற கூட்டம். நான் வழக்கம்போல முண்டி, இரண்டு பேரை இடித்து, படியில் காலை வைத்தேன். பின்னாலிருந்து ஏதாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஏறினேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே ஒரு சீட்டு காலியாக இருந்தது. அதை நோக்கிப் போகும்போது, எல்லாத் தலைகளுக்கும் மேலாக, கிரேன் கேபினிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் அவன் குரல் வந்தது.

"ஏளா! எடம் போட்டு வையி!"

பையைப் போட்டேன்.